லாரியின் கார்பனைக் குறைக்க: டீசலா, கேஸா, கரண்டா, ரயிலா?

சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் பக்கத்தில் ஐந்து வண்டி, பத்து வண்டி வைத்துத் தொழில் செய்பவர்கள் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "லோடு கொடுக்கிற கம்பெனி கார்பன் கணக்குக் கேட்கிறது. அடுத்த வண்டியை சி.என்.ஜி.யில் எடுப்பதா, எலக்ட்ரிக்கில் எடுப்பதா, பேசாமல் டீசலிலேயே இருந்துவிடுவதா?"

கம்பெனிகள் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பங்குச் சந்தையில் உள்ள முதல் 1,000 நிறுவனங்கள் சுற்றுச்சூழல் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்பது செபியின் விதி. அவர்களுக்காக ஓடும் லாரிகளின் புகையும் மெல்ல அந்தக் கணக்குக்குள் வருகிறது. சரக்குப் போக்குவரத்தின் கார்பனை எப்படிக் கணக்கிடுவது என்பதற்கு 2023-இல் ஐ.எஸ்.ஓ. 14083 என்ற பொதுமுறையும் வந்துவிட்டது. நிதி ஆயோக் அறிக்கைப்படி நாட்டில் ஓடும் வண்டிகளில் லாரிகள் சுமார் 3 சதவீதம்தான். ஆனால் சாலைப் போக்குவரத்தின் கார்பனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அவற்றிலிருந்து வருகிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த வண்டி என்று பார்ப்பதற்கு முன்னால் எந்த ரூட்டு என்று பார்க்க வேண்டும். ஒரு ரூட்டில் கார்பனைப் பாதியாக்கும் வண்டி, இன்னொரு ரூட்டில் டியூ கட்ட முடியாமல் ஷெட்டில் நிற்கும்.

## எதை வைத்து அளப்பது?

முதல் அளவு, ஒரு டன் சரக்கை ஒரு கி.மீ. கொண்டுபோக எத்தனை கிராம் கார்பன் டை ஆக்சைடு என்பது. மைலேஜ் மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். லிட்டருக்கு 5 கி.மீ. கொடுக்கும் சின்ன லாரியைவிட 3 கி.மீ. கொடுக்கும் 16 சக்கர வண்டி சுத்தமானதாக இருக்கலாம், லோடு நிறைந்திருந்தால். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். 12 டன் ஏற்றி 5 கி.மீ. போனால் டன்-கி.மீ.க்கு 45 கிராம். 33 டன் ஏற்றி 3 கி.மீ. போனால் 27 கிராம்.

(இந்தக் கணக்கில் ஓவர்லோடு அழகாகத் தெரியும் என்று யாராவது சொல்வார்கள். 2018-இல் அச்சுப் பளு வரம்பை உயர்த்தி 10 சக்கர வண்டியின் மொத்த எடையை (வண்டியும் லோடும் சேர்த்து) 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக்கியாகிவிட்டது. அதற்கு மேல் ஏற்றினால் டயரும் ரோடும் அபராதமும் தின்று தீர்த்துவிடும்.)

இரண்டாவது, புகைக்குழாயில் வருவதோடு கணக்கை நிறுத்தக் கூடாது. கச்சா எண்ணெயை எடுத்து, சுத்திகரித்து, பங்க் வரை கொண்டுவரும் கார்பனையும் சேர்த்தால் டீசல் லிட்டருக்கு 3.2 கிலோவை ஒட்டி வரும். கேஸுக்கும் கரண்டுக்கும் அதே நியாயம்தான்.

மூன்றாவது, வண்டி விலையைப் பார்க்காமல், டியூ, எரிபொருள், டயர், டிரைவர் படி, டோல், காத்திருக்கும் நேரம் எல்லாம் சேர்த்து கி.மீ.க்கு என்ன ஆகிறது என்று பார்ப்பது. நான்காவது, ஐந்தாறு வருடம் கழித்து வண்டியை யார் வாங்குவார்கள் என்பது. பழைய டீசல் லாரிக்கு நம் ஊரில் எப்போதும் ஆள் உண்டு. மற்றவற்றுக்கு அந்தச் சந்தை இன்னும் உருவாகவே இல்லை.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 வண்டிகள் கரும்புகையையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் வெகுவாகக் குறைத்தன. நுரையீரலுக்கு அது பெரிய நன்மை. கார்பன் டை ஆக்சைடோ எரிந்த டீசலின் அளவைப் பொறுத்தது. "பி.எஸ்.6-க்கு மாறிவிட்டோம்" என்பது கார்பன் கணக்குக்குப் பதில் ஆகாது.

## வழி 1: இருக்கிற டீசல் வண்டியை ஒழுங்காக ஓட்டுவது

யாரும் விளம்பரம் செய்யாத வழி. ஆனால் சின்ன உரிமையாளருக்கு அதிகம் கொடுப்பது இதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சேலத்திலிருந்து சென்னைக்கு சுமார் 340 கி.மீ. 10 சக்கர வண்டியில் 18 டன். லோடோடு லிட்டருக்கு 4 கி.மீ., காலியாக 5.5 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். போக 85 லிட்டர், எம்ப்டியாகத் திரும்ப 62 லிட்டர். மொத்தம் 394 கிலோ கார்பன், டன்-கி.மீ.க்கு 64 கிராம். திரும்பும்போதும் 18 டன் கிடைத்தால் 170 லிட்டர் எரியும். ஆனால் சரக்கு இரட்டிப்பாவதால் 37 கிராமாக இறங்கிவிடும். 40 சதவீதத்துக்கு மேல் குறைவு. ஒரு நட்டுகூட மாற்றவில்லை. சி.என்.ஜி. வண்டி வாங்கினாலும் இந்தக் குறைவு வராது.

ரிட்டர்ன் லோடு ஏன் கிடைப்பதில்லை என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். புக்கிங் ஆபீஸில் இரண்டு நாள் காத்திருப்பதைவிட எம்ப்டியாக வந்து அடுத்த லோடைப் பிடிப்பது லாபம் என்று ஆகிவிடுகிறது. போகும் லோடுக்கு வாடகை பேசும்போதே திரும்பும் லோடுக்கும் ஏற்பாடு செய்வது, நம் ஊருக்குத் திரும்பும் சரக்கு வைத்திருக்கும் கம்பெனியோடு நேரடி ஒப்பந்தம் போடுவது, பக்கத்து உரிமையாளர்களோடு சேர்ந்து இரண்டு முனையிலும் ஒரு ஆளை வைப்பது இவையெல்லாம் செய்யக்கூடியவை. ஆப்பில் லோடு பார்ப்பதும் உதவும், கமிஷன் போக மிச்சம் இருந்தால்.

அடுத்தது டிரைவர். நன்றாக ஓட்டுபவருக்கும் சுமாராக ஓட்டுபவருக்கும் ஒரே வண்டியில் 5 முதல் 10 சதவீதம் டீசல் வித்தியாசம் சாதாரணமாக வரும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. நாற்கர சாலையில் 80-இல் போவதற்கும் 60-இல் போவதற்கும் உள்ள வித்தியாசம் மீட்டரில் தெரியும். ஆனால் டிரிப்புக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துவிட்டு மெதுவாகப் போ என்றால் எந்த டிரைவர் கேட்பார்? மிச்சமாகும் டீசலில் பாதிக் காசு டிரைவருக்கு என்று வைத்தால்தான் நடக்கும். இன்ஜினை அணைக்காமல் நின்றால் மணிக்கு ஒன்றரை முதல் மூன்று லிட்டர் வரை போகும். டயர் காற்று, வீல் அலைன்மென்ட், ஏர் ஃபில்டர், பாடியின் எடை எல்லாம் சேர்ந்து இன்னும் சில சதவீதம். நாமக்கல்லில் பாடி கட்டும்போது அழகுக்காக ஏற்றும் ஒவ்வொரு குவிண்டால் இரும்பும் வண்டி ஓடும் காலமெல்லாம் கூடவே வரும்.

கண்ணில் படாத செலவு: உரிமையாளரின் நேரம். தினமும் கணக்கு எழுத வேண்டும். இன்னொன்று, மிச்சம் பிடித்தது தெரிந்தால் லோடு கொடுப்பவர் வாடகையைக் குறைக்கப் பார்ப்பார்.

எப்போது இது சரி: ரூட்டு மாறிக்கொண்டே இருந்தால், பழைய வண்டிக்கு டியூ முடிந்திருந்தால், கையில் முதல் இல்லையென்றால்.

## வழி 2: சி.என்.ஜி.

ஒரு கிலோ சி.என்.ஜி. எரிந்தால் சுமார் 2.75 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அதே ஒரு கிலோவில் ஒரு லிட்டர் டீசலைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் ஆற்றல் இருக்கிறது. ஆனால் ஸ்பார்க் பிளக் வைத்த கேஸ் இன்ஜின் டீசல் இன்ஜின் அளவுக்குத் திறமையானதில்லை. இரண்டும் கழித்துப் பார்த்தால் குழாய்ப் புகையில் 5 முதல் 15 சதவீதம் குறைவு. குழாய்களிலும் கம்ப்ரஸரிலும் மீத்தேன் கசிந்தால் அந்தக் குறைவும் கரைந்துவிடும். நூறு ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைப் போலச் சுமார் 28 மடங்கு சூடேற்றும், இருபது ஆண்டுக் கணக்கில் 80 மடங்குக்கு மேல்.

ஆக, சி.என்.ஜி. வாங்குவதற்கு நல்ல காரணம் எரிபொருள் விலை வித்தியாசம், நகரக் காற்று, டீசல் வண்டிக்கு ஊற்ற வேண்டிய யூரியா திரவத்தின் தொல்லை இல்லாதது. கார்பனுக்காக என்றால் தயங்குவேன்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சாணம், கோழி எச்சம், சர்க்கரை ஆலைக் கழிவு போன்றவற்றிலிருந்து எடுக்கும் உயிரிவாயுவும் அதே வண்டியில் ஓடும். 2018-இல் தொடங்கிய சதாத் திட்டம் இதற்காகத்தான் வந்தது. நாமக்கல் மாவட்டத்திலேயே அப்படி ஒரு ஆலை உண்டு. கோழிப்பண்ணை ஊருக்குக் கழிவா பஞ்சம்? கழிவு தானாக அழுகினால் காற்றில் கலந்திருக்கும் மீத்தேனை இங்கே பிடித்து எரித்துவிடுவதால் கார்பன் கணக்கு தலைகீழாக மாறிவிடும். ஆனால் வழக்கமாக நிரப்பும் பங்க்கில் அது கிடைக்கிறதா, அதற்கு எழுத்தில் சான்று தருவார்களா என்று கேட்டுவிட்டுத்தான் அதை நம்பி வண்டி எடுக்க வேண்டும்.

கண்ணில் படாத செலவு: பங்க்கில் வரிசை, மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டர் சோதனை, சிலிண்டர் எடையால் குறையும் லோடு, தொப்பூர் மாதிரி ஏற்றங்களில் இழுவை.

எப்போது சரி: தினம் திரும்பி வரும் நடுத்தர தூர ரூட்டு, இரு முனையிலும் பங்க், பத்துப் பன்னிரண்டு டன்னுக்குள் லோடு.

## வழி 3: எல்.என்.ஜி.

இதே கேஸை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்தால் திரவமாகி, கனஅளவு 600-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதனால் ஒரு டேங்கில் ஆயிரம் கி.மீ. தாண்டலாம். இறக்குமதி முனையங்கள் நமக்கு இரு பக்கமும் உண்டு: கொச்சி 2013 முதல், எண்ணூர் 2019 முதல். குறைவு இங்கேயும் சி.என்.ஜி. அளவுதான். குளிர்விக்கவும் கப்பலில் கொண்டுவரவும் ஆகும் ஆற்றலைச் சேர்த்தால் இன்னும் சுருங்கும்.

பெரிய சிக்கல், வண்டி நின்றால் டேங்கில் திரவம் கொதித்து, ஒரு வாரம் போல ஆனதும் வால்வு வழியாக வெளியேறும். பொங்கலுக்கு டிரைவர்கள் ஊருக்குப் போய் வண்டி வரிசையாக நிற்கும் தொழிலில் அது காசும் போச்சு, கார்பனும் போச்சு. நாடு முழுக்க நெடுஞ்சாலைகளில் எல்.என்.ஜி. பங்க் வைக்க 2020-இல் முதல் 50-க்கு அடிக்கல் நாட்டினார்கள். ஆனாலும் டீசல் மாதிரி நினைத்த இடத்தில் நிரப்ப முடியாது. ஒரே நெடுஞ்சாலையில் ஓய்வில்லாமல் ஓடும் பெரிய கம்பெனி வண்டிகளுக்கு இது பொருந்தும். ஐந்து வண்டிக்காரருக்கு நான் சொல்லமாட்டேன்.

## வழி 4: எலக்ட்ரிக் லாரி

இங்கேதான் பேச்சு அதிகம், கணக்கு குறைவு.

இப்போது சந்தையில் இருக்கும் 55 டன் மின்சார டிராக்டர் (டிரெய்லரை இழுக்கும் முன்வண்டி) ஒன்றில் 282 யூனிட் பேட்டரி இருக்கிறது. ஒரு சார்ஜில் 200 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு என்கிறார்கள். கி.மீ.க்கு 1.4 யூனிட். சார்ஜ் ஏற்றும் இழப்பைச் சேர்த்தால் 1.55. நம் நாட்டு மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரி 0.7 கிலோவுக்குச் சற்று மேல் கார்பன். ஆக கி.மீ.க்கு 1.1 கிலோ. அதே பளுவை இழுக்கும் டீசல் வண்டி லிட்டருக்கு 2.75 கி.மீ. கொடுத்தால், எண்ணெய்க் கிணற்றிலிருந்து கணக்குப் போட்டு 1.16 கிலோ. அதாவது சாதாரண லைனில் சார்ஜ் ஏற்றினால் இன்றைக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான்.

இதைச் சொன்னால் எலக்ட்ரிக் வேண்டாம் என்கிறாயா என்று சண்டைக்கு வருவார்கள். இல்லை. டீசல் வண்டி வாங்கிய நாளில் என்ன கார்பன் விடுகிறதோ அதைத்தான் கடைசி வரை விடும், வயதானால் கூடவும் செய்யும். மின்கட்டமைப்பில் காற்றும் வெயிலும் கூடக் கூட எலக்ட்ரிக் வண்டி நின்ற இடத்திலேயே சுத்தமாகிக்கொண்டு போகும். முக்கியமாக, கரண்டு எங்கிருந்து வருகிறது என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம். கோவை, திருப்பூர் ஸ்பின்னிங் மில்கள் பல வருடங்களாக ஆரல்வாய்மொழியிலும் பல்லடம், உடுமலைப் பக்கத்திலும் காற்றாலை வைத்திருக்கின்றன. சொந்தமாக இல்லாதவர்கள் கூட்டாக 26 சதவீதப் பங்கு வாங்கிக் காற்று, சூரிய மின்சாரம் எடுக்கும் முறையும் சட்டத்தில் உண்டு. அப்படிப்பட்ட மில்லின் வாசலிலேயே சார்ஜ் ஏற்றும் லாரியின் கார்பன் டீசலில் ஒரு சிறு பங்குதான். இந்த வாய்ப்பு லாரிக்காரர் கையில் இல்லை, லோடு கொடுப்பவர் கையில் இருக்கிறது. அதனால் எலக்ட்ரிக் வண்டியை அவரோடு சேர்ந்து திட்டமிடாமல் தனியாக வாங்குவது வீண்.

காசு விஷயம். பெரிய டிராக்டர் டீசலைவிட இரண்டு மூன்று மடங்கு விலை. மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் எலக்ட்ரிக் லாரிகளுக்கு 500 கோடி ஒதுக்கி, வண்டிக்கு அதிகபட்சம் 9.6 லட்சம் வரை சலுகை என்று 2025 ஜூலையில் விதிமுறை வெளியிட்டார்கள். பழைய லாரியை உடைத்ததற்கான சான்றிதழ் கேட்பார்கள். பர்மிட் தேவையில்லை என்பது 2018-இலிருந்தே இருக்கும் சலுகை. கி.மீ.க்கு ஓட்டச் செலவு கணிசமாகக் குறையும், ஆனால் அந்த மிச்சம் டியூவை மீற வேண்டுமென்றால் வண்டி நிறைய கி.மீ. ஓட வேண்டும். நிறைய ஓட வேண்டும், ஆனால் ஒரு நடைக்கு நூற்றைம்பது கி.மீ.க்குள் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட ரூட்டு எல்லாரிடமும் இருக்காது.

கண்ணில் படாத செலவு: உயரழுத்த மின் இணைப்பு, மாதாமாதம் கட்ட வேண்டிய டிமாண்ட் கட்டணம், பேட்டரி எடையால் குறையும் இரண்டு டன் போல லோடு, கடன் கொடுப்பவர் கேட்கும் கூடுதல் வட்டி, மறுவிற்பனை விலை தெரியாதது.

எப்போது சரி: துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் கிடங்கு, சிமென்ட் ஆலையிலிருந்து அரைப்பு ஆலை, கார் உதிரிபாகக் கம்பெனியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர். தினம் இரண்டு மூன்று நடை, இரு முனையிலும் சார்ஜர். ஊருக்குள் டெலிவரி செய்யும் சின்ன வண்டிகளுக்கு இன்னும் எளிது, அங்கே நின்று நின்று போகும் டீசல் வண்டி படுமோசமான மைலேஜ் கொடுக்கும்.

ஹைட்ரஜன் லாரிகள் சோதனை ஓட்டத்தில்தான் இருக்கின்றன. இந்த முடிவில் அதற்கு இடமில்லை.

## வழி 5: நெடுந்தூரத்தை ரயிலுக்கு விடுவது

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. நிலக்கரி மின்சாரத்தில் ஓடினாலும் ஒரு டன்-கி.மீ.க்கு லாரியைவிடப் பல மடங்கு குறைந்த கார்பன். நெடுந்தூரத்துக்கு இதை மிஞ்ச எந்த லாரியும் கிடையாது.

ஆனால் சரக்கு ரயிலின் சராசரி வேகம் மணிக்கு 25 கி.மீ.யை ஒட்டித்தான். பயணிகள் ரயிலுக்கு வழிவிட்டு நிற்கும். இரு முனையிலும் ஏற்றி இறக்க வேண்டும். ஒரு முழு கன்டெய்னர் ரயில் என்றால் 20 அடிப் பெட்டி 90. அவ்வளவு சரக்கைச் சேர்க்கத் தனி ஆளால் முடியாது. சரக்குக்கென்றே போட்ட கிழக்கு, மேற்குத் தனிப்பாதைகள் தமிழ்நாட்டுப் பக்கம் வரவில்லை. சென்னைக்கு அருகே மப்பேட்டில் பல்முனைச் சரக்குப் பூங்காவுக்கு 2022 மே மாதம் அடிக்கல் நாட்டினார்கள். லாரியையே ரயிலில் ஏற்றிக்கொண்டு போகும் முறை கொங்கண் ரயில்வேயில் 1999 முதல் நடக்கிறது. டிரைவர் வண்டியிலேயே உட்கார்ந்து வருவார். நம் பக்கம் அது வந்தால் நன்றாக இருக்கும்.

500, 600 கி.மீ.க்கு மேல், அவசரமில்லாத, கனமான சரக்குக்கு ரயில். முட்டைக்கும் காய்கறிக்கும் பெரும்பாலும் சரிவராது. லாரிக்காரருக்கு இது தொழிலைப் பறிக்கும் விஷயமாகத் தெரியலாம். ஆனால் ஒவ்வொரு ரயிலுக்கும் இரு முனையிலும் 20, 40 கி.மீ. ஓட்டத்துக்கு லாரி வேண்டும். இருகூர் மாதிரி கன்டெய்னர் முனையத்திலிருந்து ஆலைக்குப் போகும் அந்தக் குட்டி ரூட்டுதான் எலக்ட்ரிக் வண்டிக்கு அளவெடுத்துத் தைத்தது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| வழி | கார்பன் குறைவு | கையிலிருந்து போடும் முதல் | ஏற்ற ரூட்டு | மாட்டிக்கொள்ளும் இடம் |
|---|---|---|---|---|
| டீசல், ஒழுங்காக | ரிட்டர்ன் லோடு கிடைத்தால் சுமார் 40%, ஓட்டும் முறையால் 5–10% | மிகக் குறைவு | எல்லாம் | விடாப்பிடியான கணக்கு |
| சி.என்.ஜி. | 5–15%, உயிரிவாயு என்றால் மிக அதிகம் | கொஞ்சம் கூடுதல் | தினம் திரும்பும் நடுத்தர தூரம் | வரிசை, மீத்தேன் கசிவு |
| எல்.என்.ஜி. | சி.என்.ஜி. அளவே, சில நேரம் அதற்கும் கீழே | அதிகம் | நிற்காத நெடுந்தூரம் | நின்றால் வெளியேறும் கேஸ் |
| எலக்ட்ரிக் | பொது லைனில் இன்று சொற்பம், காற்று–சூரிய மின்சாரத்தில் மிகப் பெரிது | மிக அதிகம் | 150 கி.மீ.க்குள் நிலையான நடை | ஒப்பந்தம் நின்றால் டியூ |
| ரயில் | மிகப் பெரிது | வண்டிக்கு இல்லை | 500 கி.மீ.க்கு மேல் | நேரம், இரட்டைக் கையாளல் |

## என்னிடம் கேட்டால்

ஐந்து டீசல் வண்டி, கலந்துகட்டிய ரூட்டு: எரிபொருளைத் தொடாதீர்கள். ஒரு வருடம் ரிட்டர்ன் லோடிலும் டிரைவர் பங்கிலும் கவனம் வையுங்கள். ஒரு வண்டியை மாற்றும் நேரம் வந்தால், லோடு நிச்சயமாக நிறையும் என்றால் மட்டும் பெரிய வண்டிக்குப் போகலாம்.

ஒரே கம்பெனிக்கு ஒரே ரூட்டில் ஓடுகிறீர்கள், தூரமும் குறைவு என்றால் ஒரு எலக்ட்ரிக் வண்டியைப் பற்றிப் பேச்சைத் தொடங்கலாம். வண்டி ஷோரூமுக்குப் போவதற்கு முன் கம்பெனியிடம் மூன்றை எழுதி வாங்க வேண்டும்: டியூ முடியும் வரைக்குமான லோடு உத்தரவாதம், அவர்கள் வளாகத்தில் சார்ஜர், சார்ஜருக்கு வரும் கரண்டு எங்கிருந்து என்பதற்கான தாள். மூன்றில் ஒன்றுக்கு மறுத்தாலும் டீசலே மேல். ஹால்டிங் கட்டணத்தையும் அதே பேச்சில் கேளுங்கள். அவர்கள் கேட்டில் வண்டி எட்டு மணி நேரம் நிற்பதும் கார்பன்தான், அந்த நேரத்தில் இன்னொரு நடை போயிருக்கும்.

கார்பன் கணக்கை எழுத ஆலோசகர் யாரும் தேவையில்லை. டீசல் பில், எடைச்சீட்டு, ஓடோமீட்டர் எண், இந்த மூன்றையும் டிரிப் வாரியாக ஒரு நோட்டில் எழுதினால் போதும், எம்ப்டி ஓட்டத்தையும் விடாமல். மூன்று மாத நோட்டு கையில் இருந்தால் கம்பெனி கேட்கும் படிவத்தை அரை மணி நேரத்தில் நிரப்பிவிடலாம். எந்த வண்டியை முதலில் மாற்றுவது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.